பூனை வாங்கும் முன் பக்கத்து வீட்டையும் யோசியுங்கள்

புது நாட்டில் வீடு, வேலை எல்லாம் ஒரு வழியாக அமைந்ததும் பிள்ளைகள் அடுத்துக் கேட்பது பூனைக்குட்டி. தாராளமாக வளர்க்கலாம். முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். செல்லப்பிராணி பற்றி எங்காவது ஒரு வரி இருக்கும். வீட்டுக்காரர் சரி என்றால் அதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், பூனைக்கு 20 வாரம் ஆவதற்குள் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்) பொருத்தியாக வேண்டும். சிங்கப்பூரில் 2024 செப்டம்பரிலிருந்து வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனைக்கு அனுமதி உண்டு. ஆனால் வீட்டுக்கு இரண்டுதான், உரிமமும் எடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் கான்பராவில் 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வெளியே திரிய விடவே கூடாது. அதனால் வேறு ஊரில் இருக்கும் நண்பர் சொன்னதை நம்பாமல், உங்கள் நகராட்சியின் இணையதளத்தைப் பாருங்கள்.

சத்தம், சண்டை, நாற்றம் மூன்றையும் பெருமளவு குறைப்பது கருத்தடை. கடுவன் அடுத்தவர் கதவில் சிறுநீர் பீய்ச்சுவதும், பெட்டை ராத்திரி முழுக்கக் கத்துவதும் பெரும்பாலும் இது செய்யாததால்தான். பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே சினையாகலாம். 'இன்னும் குட்டிதானே' என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஆனால் அக்கம்பக்கத்தில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் மலத்தால். பூனை காய்ந்த, பொலபொலவென்ற மண்ணைத் தேடிப் போகும். பக்கத்து வீட்டில் புதிதாகக் கிளறிய பூப்பாத்தி அதற்குச் சொர்க்கம். அதைவிட நல்ல இடத்தை நீங்கள் கொடுத்தால்தான் போகாது. வீட்டுக்குள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு மணல் தட்டு கூடுதலாக வையுங்கள், சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தள்ளி. வாசனை போட்ட மணல் நமக்குத்தான் பிடிக்கும், அதற்குப் பிடிக்காது. தினமும் அள்ளிவிடுங்கள். மலத்தில், வயிற்றிலிருக்கும் சிசுவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால், அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். தினமும் சுத்தம் செய்வதில் அந்த லாபமும் இருக்கிறது. கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடலாம். தோட்டம் இருந்தால் உங்கள் பக்கத்து மூலையிலேயே மணல் கலந்து ஒரு பாத்தி கொத்திவிடுங்கள்.

ஏற்கெனவே பக்கத்து வீட்டில் அசுத்தம் செய்துவிட்டதா? கேட்கும் முன்பே போய் நீங்களே சுத்தம் செய்யுங்கள். அம்மோனியா கலந்த திரவம் மட்டும் வேண்டாம். அதன் வாடை பூனைக்குச் சிறுநீர் போலவே தெரிவதால் திரும்ப அங்கேயே வரும். என்சைம் கலந்த சோப்புத்தூள் சரியாக இருக்கும். பாத்தியின் மேல் கூழாங்கல் பரப்பினாலோ, கோழிவலை விரித்தாலோ தோண்ட முடியாது. அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதுதான் மரியாதை. மிளகாய்த்தூள், அந்துருண்டை போன்ற வைத்தியத்தை யாருக்கும் சொல்லாதீர்கள். அந்துருண்டை பூனைக்கு விஷம்.

வெளியே விடுவதாக இருந்தால் பகலில் மட்டும் விடுங்கள். விடிகாலையும் அந்தியும் அதற்கு வேட்டை நேரம். எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குப் பிடித்து வரும் இரை 36 சதவீதமும், தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 சதவீதமும் குறைந்தது. சாயங்காலம் நன்றாக ஓடவிட்டு, அப்புறம் சோறு வைத்தால் ராத்திரி ஓரளவு அடங்கிக் கிடக்கும்.

அக்கம்பக்கத்தினர் எல்லோரும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்பவர் நகராட்சிக்குப் புகார் எழுதியிருக்கலாம். பூனை வந்த வாரமே போய், தொலைபேசி எண்ணைக் கொடுத்து, தொந்தரவு இருந்தால் தயங்காமல் அழைக்கச் சொல்லுங்கள். வீடு மாறும்போது சிப் பதிவில் இருக்கும் முகவரியையும் மாற்றிவிடுங்கள்.

உங்கள் வாசலுக்கு வரும் வேறு பூனைக்கு உடனே சோறு வைத்துவிடாதீர்கள். யாரோ ஒருவர் மருத்துவர் சொன்ன உணவு கொடுத்து வளர்ப்பதாக இருக்கலாம். அருகில் வரவிட்டால், 'இது உங்கள் பூனையா?' என்று எண்ணோடு எழுதிய மெல்லிய காகிதப் பட்டையைக் கழுத்தில் தளர்வாக ஒட்டி அனுப்புங்கள். இழுத்தால் கிழிகிற காகிதமாக இருக்கட்டும். பதில் வராமல், பூனை மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தால், கால்நடை மருத்துவமனையில் சிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம்.