கிளாக்கை ஏற்றும் முன் வோல்டேஜ் வந்துவிட்டதா? சிபியுஃப்ரீக் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏஆர்எம் போர்டில் லினக்ஸ் ஓடுகிறது. சிபியுவின் வேகத்தை வேலைக்கு ஏற்ப மாற்றும் கர்னல் பகுதியான சிபியுஃப்ரீக்கை இயக்கிய பிறகு சில நாளுக்கு ஒருமுறை ஏதோ ஒரு புரோகிராம் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழுகிறது, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில். கோடில் பிழை தேடுவதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள்.

வேகத்தைக் கூட்டும்போது வோல்டேஜ் முதலில், கிளாக் பிறகு. குறைக்கும்போது கிளாக் முதலில். வேகம்-வோல்டேஜ் ஜோடிகளை (ஓபிபி) நிர்வகிக்கும் கர்னலின் ஓபிபி லைப்ரரி இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும். சொந்தமாக டிரைவர் எழுதுகிறவர்கள்தான் இதில் தவறுகிறார்கள். ஆனால் வரிசை சரியாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 600 மெகாஹெர்ட்ஸ், 0.95 வோல்ட்டிலிருந்து 1.2 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். வோல்டேஜைத் தரும் ரெகுலேட்டர் மைக்ரோசெகண்டுக்கு 6 மில்லிவோல்ட் வீதம் ஏறினால் 300 மில்லிவோல்ட் ஏற 50 மைக்ரோசெகண்ட் ஆகும். இந்த வேகத்தை டிரைவரோ, டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) உள்ள 'ரெகுலேட்டர்-ராம்ப்-டிலே' வரியோ சொல்லாவிட்டால், வேறு காத்திருப்பு நேரமும் குறிக்கப்படாத நிலையில், கர்னல் ஒரு நொடியும் காக்காமல் கிளாக்கை மாற்றிவிடும். அந்த இடைவெளியில் சிபியு குறைந்த வோல்டேஜில் 1.2 கிகாஹெர்ட்ஸ் ஓடுகிறது. பெரும்பாலும் தாங்கிவிடும், அதனால்தான் இந்தப் பிழை ஆய்வக மேசையில் பிடிபடுவதில்லை. அந்த வரியின் அலகு மைக்ரோசெகண்டுக்கு மைக்ரோவோல்ட். இங்கே 6000 என்று எழுத வேண்டும்.

அடுத்தது, சிபியுவுக்கு எந்த ரெகுலேட்டர் என்று டிவைஸ் ட்ரீயில் சொல்லும் 'சிபியு-சப்ளை' வரியை விட்டுவிடுவது. எந்த எரரும் வராது, வேகமும் மாறும், வோல்டேஜ் மட்டும் பூட்லோடர் வைத்த இடத்திலேயே நிற்கும். அது உயர்வாக இருந்தால் பேட்டரிக்குப் பயனில்லை: 1.25-இலிருந்து 0.95-க்கு இறங்கினால்தான், டைனமிக் ஆற்றல் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒரே வேலைக்குச் சுமார் 42 சதவீதம் மிச்சமாகும். தாழ்வாக இருந்தால் உச்ச வேகத்தில் போர்டு உறைந்துபோகும். கர்னலின் உள்நிலையைக் காட்டும் டிபக்எஃப்எஸ்ஸில் உள்ள ரெகுலேட்டர் சுருக்கப் பட்டியலைத் திறந்து, வேகம் மாறும்போது எண்ணும் மாறுகிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு வேகத்துக்கும் வோல்டேஜைச் சொல்லும் 'ஓபிபி-மைக்ரோவோல்ட்' வரியில் ஒரே ஒரு எண்ணைக் கொடுத்தால், கீழ்வரம்பும் மேல்வரம்பும் அதுவே ஆகிவிடும். 12.5 மில்லிவோல்ட் படிகளில் நகரும் ரெகுலேட்டரால் அந்த எண்ணைத் துல்லியமாகத் தர முடியாவிட்டால், கர்னல் பூட் ஆகும்போதே அந்த வேகத்தை விலக்கிவிடும். கர்னல் செய்திப் பதிவான டிமெசெக்கில் ஒரு வரி மட்டும் வரும். இலக்கு, குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று மூன்று எண்களைக் கொடுங்கள். குறைந்தபட்சத்தைச் சிப்பின் டேட்டாஷீட்டில் உள்ளதற்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். வேறொரு போர்டின் அட்டவணையை அப்படியே ஒட்டாதீர்கள்.

எப்போது எந்த வேகம் என்று முடிவெடுக்கும் கவர்னர் எது என்பது பெரிய விஷயமில்லை. 'ஷெட்யூட்டில்' (schedutil) என்ற கவர்னரே பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

அதிகம் கவனிக்கப்படாதது ரீபூட். சிபியு குறைந்த வேகத்தில் இருக்கும்போது ரீசெட் ஆனால் சிப் தன் பூட் வேகத்துக்குத் திரும்பும். ரெகுலேட்டர்கள் இருக்கும் மின்மேலாண்மைச் சிப்பான பிஎம்ஐசி ரீசெட் ஆகாவிட்டால் வோல்டேஜ் 0.95-இலேயே இருக்கும். போர்டு எழுந்திருக்காது. பூட் வேகத்துக்கான ஓபிபியில் 'ஓபிபி-சஸ்பெண்ட்' குறியிட்டால், புதிய கர்னல்களில் ஒழுங்கான ரீபூட்டுக்கு முன் சிபியு அந்த வேகத்துக்கும் வோல்டேஜுக்கும் போய்விடும். சிஸ்டம் உறைந்தால் ரீசெட் செய்யும் டைமரான வாட்ச்டாக்கின் ரீசெட் இந்த வழியாக வராது. அதற்கு பிஎம்ஐசியையும் சேர்த்து ரீசெட் செய்யும் இணைப்பு போர்டிலேயே இருக்க வேண்டும். சிபியுவை மிகக் குறைந்த வேகத்தில் நிறுத்தி, வாட்ச்டாக்கைக் கடிக்கவிட்டு, நூறு முறை சோதியுங்கள்.