கணவாயை வெட்டிக் கணத்தாக்கத்தை விளங்கிக்கொள்வது எப்படி?

கணத்தாக்கம் என்பது நரம்பு வழியே ஓடும் மின் சைகை. உயர்தர உயிரியலில் அதன் வரைபைப் பாடமாக்குமுன் ஒரு கணவாயை வெட்டிப் பாருங்கள். 1939இல் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானிகள் மின்வாயைச் செலுத்தி அதை அளந்தது கணவாயின் தடித்த அக்சனுக்குள்தான் (அக்சன் என்பது நரம்புக் கலத்தின் நீண்ட நார்).

திருக்கோணமலை மீன் சந்தையில் விடியவே வாங்குங்கள். உறையவைத்ததில் நரம்பு நொய்ந்து அறுந்துவிடும். ஓட்டுக் கணவாய் வேண்டாம். உள்ளே கண்ணாடித் தகடுபோல மெல்லிய இறகு உள்ளதைக் கேளுங்கள்.

புனல் மேலே தெரியக் கிடத்தி, மென்மூடியை (உடலைச் சுற்றிய சதை உறையை) கழுத்திலிருந்து வால்வரை நடுவால் கத்தரியுங்கள். கத்தரி நுனி மேல்நோக்கியே இருக்கட்டும். தாழ்ந்தால் மைப்பை கிழிந்து எல்லாம் கறுத்துவிடும். விரித்து, பூவையும் (செவுளையும்) குடலையும் மெல்ல விலக்கினால், கழுத்துக்குக் கிட்ட உட்சுவரின் இருபுறமும் நட்சத்திரம்போலக் கிளைவிட்ட நரம்புத்திரட்டு தெரியும். வால்பக்கம் ஓடும் நீண்ட கிளைக்குள்ளே இருப்பதுதான் அந்த அக்சன். பெரிய இனங்களில் அது அரை மில்லிமீற்றருக்கும் மேல் தடிக்கும். கழுவக் கடல்நீரையே எடுங்கள். குழாய்நீர் கலங்களுக்குள் புகுந்து வீங்கச் செய்யும். செத்த கணவாயில் கணத்தாக்கம் இராது, அமைப்பை மட்டுமே பார்க்கலாம்.

இனி வரைபு. மனித நரம்பென்றால் ஓய்வு அழுத்தத்தை (தூண்டாதபோது அக்சனின் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசத்தை) ஏறத்தாழ -70 மில்லிவோல்ற்றில் தொடங்குங்கள். உள்ளே பொற்றாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். தூண்டல் -55ஐ எட்டினால் அக்சனின் மென்சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்து, கோடு +30 அளவுக்கு ஏறும். -55ஐ எட்டாவிட்டால் கணத்தாக்கமே இல்லை; அரைக் கணத்தாக்கம் என்று ஒன்று வரையாதீர்கள். பேத்தை மீனின் நஞ்சு அடைப்பது இந்தச் சோடியம் வாயில்களைத்தான். சமைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. மூச்சுத் தசைக்குக் கட்டளை போகாமல் ஆள் இறக்கலாம்.

கோடு இறங்கும் இடத்தில்தான் பலருக்குப் புள்ளி போகிறது. இறக்குவது மென்சவ்விலுள்ள சோடியம்-பொற்றாசியப் பம்பி என்று எழுதுகிறார்கள். சோடியம் வாயில்கள் அடைபட, பொற்றாசியம் வெளியேறுவதே காரணம். 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொற்றாசியத்தை உள்ளெடுக்கும் பம்பி செறிவு வித்தியாசத்தைப் பேணுகிறது, அவ்வளவுதான். ஒரு கணத்தாக்கத்தில் நகரும் அயன்கள் மிகச் சொற்பம். அடைபட்ட சோடியம் வாயில் சற்று நேரம் திறக்காது. ஆகவே கணத்தாக்கம் வந்த வழியே திரும்பாமல் முன்னோக்கியே போகும்.

தடித்த அக்சனுக்குள் மின்தடை குறைவு. அதனால் கணவாயில் செக்கனுக்கு 25 மீற்றர் அளவு வேகம் கிடைக்கிறது. நமது மெல்லிய நார்களிலோ மயலின் என்ற கொழுப்பு உறையினால் கணத்தாக்கம் கணுவுக்குக் கணு (உறை இல்லாத இடைவெளிகளில்) பாய்ந்து 100 மீற்றரையும் தாண்டும்.