கடை நிர்வாகத்தை ‘இல்லை நோட்டி’லிருந்து தொடங்குவது எப்படி?

கொங்கு நாட்டுச் சிறு நகரங்களில் மளிகைக் கடையை டிபார்ட்மெண்டல் ஸ்டோராக மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஏ.சி.க்கும் கண்ணாடிக் கதவுக்கும் விலை விசாரிக்கிறார்கள். அதற்கு முன் ஒரு நோட்டையும், நூல் கட்டிய பேனாவையும் வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். திருப்பூரில் நான் பல ஆண்டுகள் கணக்கெழுதிய பழைய கடையில் அதற்கு ‘இல்லை நோட்டு’ என்று பெயர். வாடிக்கையாளர் கேட்டு, நம்மிடம் இல்லாமல் போன ஒவ்வொரு பொருளையும் கல்லாவில் இருப்பவர் அப்போதே எழுதிவிட வேண்டும்: ‘ராகி சேமியா, 2 பேர்’, ‘அரை லிட்டர் கடலெண்ணெய், 1’. இரவில் முதலாளி அதைப் படித்த பிறகே பணத்தை எண்ணுவார். ஒரு வாரத்தில் மூன்று பேர் கேட்ட பொருள் அடுத்த கொள்முதலில் வந்துவிடும். விற்றதைக் கம்ப்யூட்டர் பில் சொல்லும். வெறுங்கையோடு திரும்பியவரைப் பற்றி எந்த பில்லும் சொல்லாது என்பதால், பார்கோடு வந்த பிறகும் இந்த நோட்டை விடக் கூடாது.

அடுத்தது லாபக் கணக்கு. பாரிசில் ‘போன் மார்ஷே’ என்ற கடையில் 1852-இல் கூட்டாளியாகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிகோ, பேரம் பேசும் வழக்கத்தை விட்டு ஒரே விலையை எழுதி ஒட்டி, குறைந்த லாபத்தில் சரக்கை வேகமாகத் தள்ளினார். நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய்ச் சரக்கை 20 சதவீத லாபத்தில் வைத்து ஆண்டுக்கு இரண்டு முறை விற்றால் 4,000 ரூபாய். அதே முதலை 5 சதவீத லாபத்தில் மாதம் ஒரு முறை சுழற்றினால் 6,000 ரூபாய். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும், எவ்வளவு லாபம் என்பதோடு எத்தனை நாளில் தீர்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். மூன்று மாதமாக அசையாத சரக்கை அசல் விலைக்காவது தள்ளிவிட்டு, அந்தப் பணத்தை ஓடும் சரக்கில் போடுவதே நல்லது.

கொள்முதல் நாளை ஊரின் சம்பள நாள்தான் முடிவு செய்ய வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாரக் கூலி சனிக்கிழமை கிடைக்கும். அன்று மாலையும் ஞாயிறும் கூட்டம் நெரியும். வெள்ளிக்கிழமைக்குள் அரிசிச் சிப்பமும் எண்ணெயும் இறங்காத கடை அந்த வாரத்தையே இழந்துவிடுகிறது. விவசாயம் சார்ந்த ஊர்களில் மஞ்சளோ கரும்போ பணமாகும் மாதத்தைப் பாருங்கள்.

ரேக்கில் புதுச் சரக்கைப் பின்னாலும் பழையதை முன்னாலும் அடுக்க வேண்டும். இதை ஒருமுறை நாங்கள் தவறவிட்டோம். வயதான அம்மா ஒருவர் ரவைப் பொட்டலத்தைக் கல்லாவில் பிரித்து வைத்து, “ஏனுங்க சாமி, இதை நீங்களே சலிச்சுப் பாருங்க” என்றார். உள்ளே வண்டு ஊர்ந்தது. முதலாளி பில் கேட்கவில்லை. வேறு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, ரேக்கில் இருந்த ரவை முழுவதையும் அன்றே இறக்கச் சொன்னார். அந்த அம்மா கடைசி வரை எங்கள் கடைக்கே வந்தார். திரும்பி வரும் பொருளை வாங்கிக்கொள்ளும் வழக்கம் பூசிகோவின் கடையிலும் இருந்தது. அதனால் ஆகும் நஷ்டத்தைத் தனிப் பக்கத்தில் எழுதினால், எந்த ஏஜென்டின் சரக்கு அடிக்கடி கெடுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுவதை மறக்க வேண்டாம்.

வேலையாட்களைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். பூசிகோ 1876-இல் ஊழியர்களுக்கு வைப்பு நிதி ஒன்றை ஏற்படுத்தினார். சம்பளத்தில் பிடிக்காமல் கடை லாபத்திலிருந்தே அதற்குப் பணம் போனது. நம் ஊரில் 20 பேர் வேலை செய்தால் வருங்கால வைப்பு நிதி சட்டப்படி கட்டாயம். ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள கடை என்றால், ஓராண்டு நிலைத்து நிற்பவர் பெயரில் தபால் நிலையத்தில் 5 ஆண்டுத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி, மாதம் 500 ரூபாயைக் கடைச் செலவாகக் கட்டுங்கள். நீங்கள் கொள்முதலுக்குப் போயிருக்கும்போது இல்லை நோட்டை ஒழுங்காக எழுதப் போகிறவர் அவர்தான்.