எட்டாவதோடு நின்ற பையனுக்கும் ஐ.டி.ஐ.யில் இடம் உண்டு

பத்தாவது தவறிவிட்டால் படிப்பே முடிந்தது என்று நினைத்து, பையனை மளிகைக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.க்களில் (தொழிற்பயிற்சி நிலையங்களில்) எட்டாவது தேறியவர்களுக்கும் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் இருக்கின்றன. வெல்டர் 1 வருடம், வயர்மேன் 2 வருடம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்றால் பத்தாவது தேறியிருக்க வேண்டும். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு.

விண்ணப்பிக்கும் முன் ஒருநாள் பையனையே கூட்டிக்கொண்டு போய்ப் பட்டறையைக் காட்டுங்கள். ஃபிட்டர் பிரிவில் சேர்பவன் முதலில் இரும்புத் துண்டை வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் இறுக்கி, அரத்தால் ராவிக்கொண்டே இருப்பான். உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிடும். தெரியாமல் சேர்ந்தவன்தான் பாதியில் ஓடுகிறான். அக்கம்பக்கத்தில் சொல்வதை நம்பிப் பிரிவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பழைய மாணவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று அங்குள்ள ஆசிரியரிடமே கேளுங்கள்.

அப்புறம், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார் மூன்றிலும் பெயர், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இனிஷியல் மாறினாலும் பிறகு அலைச்சல்தான்.

பயிற்சி முடிந்ததும் அப்ரண்டிஸ், அதாவது தொழிற்சாலையில் வேலை பழகுநராகச் சேர்வதற்கான பதிவை விட்டுவிடாதீர்கள். உதவித்தொகையோடு தொழிற்சாலை அனுபவமும் கிடைக்கும். பத்தாவது தேறி, 2 வருட ஐ.டி.ஐ. பயிற்சியும் முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம்.