நத்தார் காலைக்கு வாசனைச் சரக்கு வாஃபிள்

நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, பனி இறங்கிய தேயிலை மலைப்பாதையில் வீடு திரும்பி, சில மணி நேரமே உறங்கி எழும் நத்தார் காலையில், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும் அவர்களுடைய குழந்தைகளும் அடுப்பங்கரையைச் சுற்றி அமர்ந்திருக்க, ஒவ்வொன்றாகச் சுட்டுச் சுடச்சுடப் பரிமாறுவதற்கு வாஃபிள் மிகவும் பொருத்தமான பலகாரம். கட்டம் கட்டமாகப் பொறித்த இரண்டு சூடான தகடுகளுக்கு இடையே கரைத்த மாவை ஊற்றி மூடிச் சுடுவதுதான் அதன் முறை. ஆனால் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை போன்ற குளிர்ந்த ஊர்களில், சமவெளிக்கென எழுதப்பட்ட செய்முறையை அப்படியே பின்பற்றினால் சரியாக வராது. குளிருக்கும் உயரத்துக்கும் ஏற்பச் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் முதன்முறை செய்தபோது, உருக்கிய வெண்ணெயைக் குளிர்ந்த பாலில் ஊற்றியவுடன் அது உறைந்து, மாவெங்கும் மஞ்சள் துணுக்குகளாக மிதந்தது. எவ்வளவு அடித்தும் அவை கரையவில்லை. சுட்டெடுத்த வாஃபிளின் ஒரு பக்கம் எண்ணெய் வடிந்தது, மறுபக்கம் வறண்டு கிடந்தது. டிசம்பர் மாதக் காலையில் எங்கள் சமையலறையில் வைத்த பாலும் முட்டையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தவை போலவே இருக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதன் பிறகு, முட்டைகளை உடைக்காமல் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டு வைக்கிறேன். பாலையும் விரல் பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்த பின்னரே கலக்கிறேன்.

ஐந்து பேருக்கு வேண்டிய அளவைச் சொல்கிறேன். கோதுமை மா 250 கிராம், வறுத்த அரிசி மா 50 கிராம், சீனி இரண்டு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, முட்டை இரண்டு, பால் 400 மில்லிலீற்றர், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம் ஆகியவை போதும். அரிசி மாவைத் தவிர்க்க வேண்டாம், மேற்புறம் மொறுமொறுப்பாக இருப்பதற்கு அதுவே காரணம். சமவெளியில் இதே அளவு மாவுக்கு மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போடலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் குறைவு. அதனால் மாவுக்குள் உண்டாகும் வாயு அதிகமாக விரிந்து, வாஃபிள் விரைவாகப் பொங்கிப் பின் அமிழ்ந்துவிடும். ஆகவேதான் அரைத் தேக்கரண்டியைக் குறைக்கிறோம்.

இந்தப் பலகாரத்தின் உயிர் வாசனைச் சரக்கில்தான் இருக்கிறது. தூளாக்கி அடைத்து விற்கப்படுவதை வாங்காமல், முழுச் சரக்கை வாங்கி அன்றன்றே இடித்துக்கொள்வதுதான் நல்லது. கராம்பு, சாதிக்காய், ஏலக்காய் ஆகியவை கண்டி, மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் விளைந்து நமது சந்தைகளுக்கு வருகின்றன. கறுவா பெரும்பாலும் காலி, மாத்தறைக் கரையோரத்திலிருந்து வருகிறது. நல்ல இலங்கைக் கறுவாவைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். மெல்லிய தாள் போன்ற பல சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருக்கும், விரலால் நசுக்கினால் நொறுங்கும். தடித்த ஒற்றைப் பட்டையாக, மரக்கட்டை போல உறுதியாக இருப்பது வேறு இனம், அதன் காரம் இனிப்புப் பலகாரத்தை அடக்கிவிடும்.

ஒரு விரல் நீளமுள்ள இரண்டு கறுவாத் துண்டுகள், ஆறு ஏலக்காயின் விதைகள், மூன்று கராம்பு, சிறு துண்டு சுக்கு ஆகியவற்றை வெறும் சட்டியில் மிதமான சூட்டில் வாசனை எழும் வரை மட்டும் வாட்டி, அம்மியிலோ உரலிலோ மையாக இடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். கராம்பை மூன்றுக்கு மேல் போடாதீர்கள், நான்காவது சேர்ந்தால் மற்ற எந்த மணமும் தெரியாது. வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, இடித்த தூளை அதில் போட்டு, கால் தேக்கரண்டியளவு சாதிக்காயைத் துருவிச் சேர்த்து, இறக்கிப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். இந்தச் சரக்குகளின் மணம் தரும் எண்ணெய்கள் நீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. மாவில் நேராகத் தூவினால் நாக்கில் தூளாகத் தட்டுப்படும் மணம், வெண்ணெயில் ஊறிய பின் வாஃபிளின் ஒவ்வொரு கடியிலும் ஒரே சீராகப் பரவியிருக்கும். மூடியைத் திறக்கும்போது எழும் அந்த மணத்துக்கே உறங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எழுந்து வந்துவிடுவார்கள்.

மா வகைகள், சீனி, உப்பு, பேக்கிங் பவுடர் ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்து நடுவில் குழி செய்யுங்கள். வெதுவெதுப்பான பாலையும் முட்டையையும் அடித்து, அதில் சரக்கு ஊறிய வெண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்கி, குழியில் ஊற்றி, மா நனையும் அளவுக்கு மட்டும் கிளறுங்கள். சிறு கட்டிகள் இருந்தால் கவலை வேண்டாம், அதிகம் அடித்தால் வாஃபிள் தோல் போல இழுபடும். மாவைப் பத்து நிமிடம் ஆறவிட்டுப் பாருங்கள். தோசை மாவைவிடச் சற்றுத் தடிப்பாக, அகப்பையிலிருந்து நாடாவாக விழ வேண்டும். அதைவிட இறுகியிருந்தால் இரண்டு மேசைக்கரண்டி பால் சேர்க்கலாம்.

சுடும் விதத்தை அச்சு முறுக்குச் சுட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அச்சு நன்றாகக் காயாவிட்டால் மா ஒட்டிக்கொள்ளும் என்ற விதியே இங்கும் பொருந்தும். மின்சார இயந்திரமாயினும் அடுப்பில் வைத்துத் திருப்பும் இரும்பாயினும், ஒரு துளி நீர் தெளித்தால் சுரீரென்று உருண்டோடி மறையும் வரை காய்ச்சி, தகட்டில் மெல்லிதாக எண்ணெய் பூசி, முக்கால் பங்கு மட்டும் மாவை ஊற்றி மூடுங்கள். இதன் பிறகு பொறுமை வேண்டும். மூடியின் ஓரத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருக்கும் வரை உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள், அப்போது திறந்தால் வாஃபிள் நடுவே இரண்டாகப் பிளந்து மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும். ஆவி அடங்கிய பின், மூடி தானாகவே இளகும்போது திறக்க வேண்டும். நமது உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிப்பதால் உட்புறம் வேகச் சற்று அதிக நேரம் எடுக்கும். இயந்திரத்தின் விளக்கு அணைந்த பின்னும் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள்.

எடுத்தவற்றைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. அடியிலிருப்பவை மேலுள்ளவற்றின் ஆவியில் நனைந்து தொய்ந்துவிடும். கம்பித் தட்டு இல்லாத வீட்டில், இடியப்பத் தட்டுகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்து அவற்றின்மேல் பரப்பினால், அடிப்பக்கமும் காற்றோட்டமாக இருக்கும்.

மேலே ஊற்றுவதற்குக் கித்துள் பாணியைவிடச் சிறந்தது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. விறகடுப்பில் காய்ச்சிய பாணியில் இலேசான புகை வாசனை இருக்கும், அது கறுவாவோடு நன்றாக இணையும். ஆனால் அதை உண்பவரே தம் தட்டில் ஊற்றிக்கொள்ளட்டும், முன்கூட்டி ஊற்றினால் மொறுமொறுப்புப் போய்விடும். பழம் வேண்டுவோர், நுவரெலியாப் பக்கத்து ஸ்ட்ரோபெரியையோ தோல் நீக்கிய மரத்தக்காளியையோ இரண்டு கரண்டி சீனியுடன் ஐந்து நிமிடம் வேகவைத்து வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சியவற்றை முழுவதும் ஆறிய பிறகு மூடி வைத்து, பிற்பகலில் காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் இருபுறமும் சூடாக்கினால் பழைய மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும். இஞ்சி தட்டிப்போட்ட வெறுந்தேநீருடன் அவை மாலை வரை தாங்குவதில்லை.