டூ-ஸ்ட்ரோக் மண்பாதை வண்டிகளில் ரீட் வால்வைப் பார்ப்பது எப்படி?

யமஹா ஒய்.இசட். 125 போன்ற டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாமல், ஐடிலில் நிலையில்லாமல் ஓடி, கார்புரேட்டர் வாய் வழியே பெட்ரோலைத் திருப்பித் துப்பினால், பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டுகளை (கார்புரேட்டரின் சிறு துளைகள்) மாற்றத் தொடங்கும் முன் ரீட் வால்வைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. கார்புரேட்டருக்கும் கிராங்க்கேஸுக்கும் (எஞ்சினின் அடிப்பெட்டி) இடையில் அமர்ந்திருக்கும் இந்த வால்வின் மெல்லிய இதழ்கள், உள்ளே வந்த பெட்ரோல்-காற்றுக் கலவை திரும்பி வெளியேறாமல் தடுக்கின்றன. அவற்றின் நுனி சிதைந்தாலோ வளைந்தாலோ முதலில் குறைவது தாழ்ந்த வேகத்து இழுவைதான்.

இதழ்கள் பொருத்தப்பட்ட கூட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இதழுக்கும் அது படியும் இருக்கைக்கும் இடையே தெரியும் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அளக்க வேண்டும். 0.2 மி.மீ. என்பது பல யமஹா எஞ்சின்களுக்கான வரம்பு. மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டைப் பார்க்கவும். ஃபைபர் இதழின் நுனியில் இழை பிரிந்திருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றிவிடலாம். ஃபைபர் இதழின் துண்டு உள்ளே போனால் பெரும்பாலும் எரிந்து வெளியேறிவிடும், ஆனால் எஃகு இதழ் உடைந்தால் சிலிண்டர் சுவரையே கீறிவிடும்.

இருக்கையின் ரப்பர் பூச்சு கெடாதபடி, காரமான கிளீனரைத் தவிர்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். இதழ்களைப் பிடிக்கும் சிறிய திருகுகளில் ஒன்று கழன்றாலும் அது நேராகக் கிராங்க்கேஸுக்குள் விழும் என்பதால், நடுத்தர வலிமையுள்ள நீல நிறத் திருகுப் பசையை ஒரு துளி இடுவது அவசியம். கேஸ்கெட் புதிதாகவே இருக்கட்டும். கூட்டின் போல்ட்டுகளைக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.