பனி நாள்ல பஸ் ஆப் சொல்ற நேரத்தை நம்பாதீங்க (புதுசா வந்தவங்களுக்கு)

குளிர் நாட்டுக்கு புதுசா வர்றவங்களுக்கு ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் குடுப்பாங்க, சிம், பேங்க் அக்கவுண்ட், ஜாக்கெட், பூட்ஸ்னு. பஸ் ஒரு நாள் திடீர்னு மொத்தமா நின்னுரும்ங்கிறதை மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. கார் வாங்குனதும் எல்லாருக்கும் மறந்துருது போல.

பஸ் கார்டு வாங்குறது, அதை ஆன்லைன்ல உங்க பேர்ல ரெஜிஸ்டர் பண்றது (தொலைஞ்சா பேலன்ஸ் மிஞ்சும்), பஸ் நடத்துறவங்களோட சொந்த சைட்ல உங்க ரூட்டுக்கு அலெர்ட் போடுறது, இதெல்லாம் அரை மணி நேர வேலை, முதல் வாரமே முடிச்சிருங்க. அந்த அலெர்ட்டை மட்டும் தள்ளிப் போடாதீங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

எங்க ரூம்ல ஒரு தம்பி இருக்கான், வந்து இதுதான் முதல் குளிர்காலம். காலைல பஸ் நல்லாத்தான் ஓடுச்சு, ஏறி வேலைக்குப் போயிட்டான். மத்தியானத்துக்கு மேல உறைமழை (தரையில பட்டதுமே ஐஸா உறையுற மழை). சாயங்காலம் வெளிய வந்து போன்ல பார்த்தா பஸ் 7 நிமிஷத்துல வரும்னு காட்டுது, சரின்னு ஸ்டாப்ல நின்னிருக்கான். 7 நிமிஷம் ஆனதும் அந்த பஸ் லிஸ்ட்ல இருந்து காணாம போச்சு, லிஸ்ட்ல மேல அடுத்த பஸ் வந்து உக்காந்துக்குச்சு, அதுவும் வரலை, அதுக்கடுத்தது லிஸ்ட்ல மேல ஏறுச்சு. இப்படியே நின்னு நின்னு, குளிர்ல போனும் ஆஃப் ஆயிருச்சு. கடைசில ரோட்ல பனி தள்ளுற வண்டிக்காரர்தான் நிறுத்தி, பஸ்ஸெல்லாம் அப்பவே டிப்போவுக்குப் போயாச்சு, நீ ஏன்பா நிக்கிறன்னு கேட்டிருக்கார். வீட்டுக்கு வந்தப்போ விரல் நுனியெல்லாம் வெள்ளையா மரத்துப் போய் இருந்துச்சு. அவன் நேரா கொதிக்கிற தண்ணியத் தேடுனான், கையைப் புடிச்சு இழுத்தேன். அப்படி ஆனா தேய்க்கவும் கூடாது, சுடுதண்ணி, ஹீட்டர் பக்கமும் போகக் கூடாது, மரத்த தோலுக்கு சூடு தெரியாது, வெந்துரும். வெதுவெதுப்பான தண்ணிதான். உணர்ச்சி திரும்பலைன்னா டாக்டர்கிட்ட போயிருங்க.

அவனைத் திட்டி பிரயோஜனம் இல்லை, ஆப் அப்படித்தான் வேலை செய்யுது. பஸ்ல இருக்குற ஜிபிஎஸ் சிக்னல் வந்தா உண்மையான நேரம் காட்டும். சிக்னல் வரலைன்னா பல ஆப்கள் வாய மூடிட்டு இருக்காம அச்சடிச்ச டைம்டேபிள்ல இருக்குற நேரத்தை எடுத்து அதே இடத்துல அதே மாதிரி காட்டிரும். பஸ்ஸை நிறுத்திட்டாங்கன்னு யாராவது சிஸ்டத்துல ஏத்துனாத்தான் ஆப்புக்குத் தெரியும், அந்தக் களேபரத்துல அது லேட் ஆகும், அதுக்குத்தான் பஸ் நடத்துறவங்களோட அலெர்ட்டை முதல்லயே போடச் சொன்னேன். அதனால நேரத்தை மட்டும் பாக்காதீங்க, லைவா இல்லையான்னு பாருங்க. லைவ்னா பெரும்பாலும் பக்கத்துல சின்னதா சிக்னல் குறியோ கலரோ இருக்கும், மேப்ல பஸ் நகர்றது தெரியும். மேப்ல ஒரு பஸ் கூட நகரலையா, வெளிய கால் வைக்காதீங்க.

இவ்ளோ பனியிலயும் வழக்கமா ஓடுற பஸ் ஏன் நிக்குதுன்னா, பனியை விட ஐஸ்தான் பிரச்சனை. பனியைத் தள்ளிரலாம். உறைமழை ரோட்ல பட்டதும் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கும். உப்பு போடுவாங்க, ஆனா மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் கிட்ட போனா சாதா உப்பு சரியா வேலை செய்யாது. நடுவுல ரப்பர் மடிப்பு வச்ச நீள பஸ் இருக்குல்ல, அதுல பலதுக்கு எஞ்சின் பின்னாடி, கடைசி சக்கரம்தான் தள்ளும், அதனால வழுக்குச்சுன்னா முன்பகுதி ஒரு பக்கம் பின்பகுதி ஒரு பக்கம்னு மடிஞ்சு ரோட்டை அடைச்சுக்கிட்டு நிக்கும். மேட்டு ரோடு ரூட்டெல்லாம் முதல்ல கட் ஆகுறதும் இந்த மாதிரி வழுக்கலாலதான். பெரிய ஊர்ல இதெல்லாம் நடக்காதுன்னு நினைக்காதீங்க, 2016 ஜனவரி 23 புயலுக்கு நியூயார்க்லயே மத்தியானம் 12 மணிக்கு பஸ்ஸை நிறுத்துனாங்க. மத்தியானம்ங்கிறதை கவனிங்க, காலைல போனவங்க பாடு என்ன ஆயிருக்கும்?

இங்கதான் நம்ம பழக்கம் காலை வாருது. எவ்ளோ மழை வெள்ளம்னாலும் டிரைவர் எப்படியாவது உருட்டிக்கிட்டு வந்துருவார், லேட்டானாலும் வரும்னு நின்னு பழகுன ஆளுங்க நாம. இங்க நிறுத்திட்டாங்கன்னா நிறுத்தினதுதான், மறுபடி ஓட்டுறோம்னு அவங்க சொல்ற வரைக்கும் எத்தனை மணி நேரம் நின்னாலும் வராது. வெளிய கிளம்பும்போது போற பஸ்ஸைப் பாக்காதீங்க, திரும்பி வர்ற நேரத்து வானிலையைப் பாருங்க. உறைமழை எச்சரிக்கை இருந்தா காலைலயே மேனேஜர்கிட்ட சொல்லிட்டு முன்னாடியே கிளம்பிருங்க. ஆபீஸ் லீவு விடலைங்கிறதுக்கும் பஸ் ஓடுறதுக்கும் சம்பந்தமே இல்லை. பஸ் நின்ன நிமிஷம் டாக்ஸி ஆப்ல ரேட் ஏறும், வண்டியும் கிடைக்காது. அதனால கூட வேலை பாக்குறவங்கள்ல உங்க ஏரியா பக்கம் கார்ல போறவங்க யாருன்னு வெயில் நாள்லயே தெரிஞ்சு வச்சுக்கோங்க. லிஃப்ட் கேக்க நமக்கு பெரிய கௌரவக் குறைச்சல், அதை மூட்டை கட்டி வைங்க. வின்ட் சில் (காத்தையும் சேர்த்து உடம்புக்குத் தெரியுற குளிர்) மைனஸ் 28க்குக் கீழ போனா மூடாத தோல் 10ல இருந்து 30 நிமிஷத்துக்குள்ள உறைஞ்சுரும், அப்போ கௌரவம் கையுறை போட்டு விடாது. போனை உள் பாக்கெட்ல உடம்பு சூட்ல வைங்க, காத்திருக்கணும்னா ஏதாவது கட்டடத்துக்குள்ள நின்னு ஜன்னல் வழியா பாருங்க.

அடுத்த நாள் சர்வீஸ் ஆரம்பிச்சாச்சுன்னு மெசேஜ் வரும், உடனே ஓடாதீங்க. மெயின் ரோடு ரூட்தான் முதல்ல வரும், உள் ரோடு பஸ் சுத்திப் போகும், உங்க ஸ்டாப்ல நிக்காமலே போகலாம், அலெர்ட்டை முழுசா படிங்க. தள்ளுன பனியெல்லாம் சரியா ஸ்டாப் ஓரத்துலதான் குவிஞ்சு கிடக்கும், பஸ்ஸைப் புடிக்கிறேன்னு அந்தக் குவியல் மேல ஏறி நிக்காதீங்க, சறுக்குனா நேரா சக்கரத்துக்குக் கீழதான். தள்ளி, சமதரையில நின்னு, டிரைவருக்குத் தெரியுற மாதிரி கைய ஆட்டுங்க.